சூப்காரர் தப்பாகச் சொன்ன வசனம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஆறாவது மாடியிலேயே நின்றுவிட்டால், பழுதாகிவிட்டது என்று யாரும் பதறுவதில்லை. எதெல்கா வீட்டில் படம் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். லிஃப்டைப் பழுது பார்க்கிற கால்மானே முதல் ஆளாக அங்கே உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையோடு. அப்புறம் யாரைக் கூப்பிட்டு என்ன பயன்?

எதெல்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. எஃகு ஆலைக்குப் பின்னால் இருக்கிற பாலர் பள்ளியில் தலைமைச் சமையல்காரி. வாரத்தில் ஐந்து நாள் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பூசணிக் கூட்டு பரிமாறி, அதில் நூற்று முப்பது பேர் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களின் ரசனை மேல் அவளுக்கு இருந்த மரியாதை எப்போதோ போய்விட்டது. சனிக்கிழமை தான் என்ன பார்க்க வேண்டும் என்று அவள் யாரையும் கேட்பதில்லை. மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரர் மனைவி ஒருமுறை வலிய வந்து, இந்த வயதில் பேயும் பூதமும் எதற்கு, ஆப்பரா பார்க்கலாமே என்றாள். ஆப்பராவிலும் கடைசியில் கத்திக்கொண்டேதான் சாகிறார்கள், இங்கே அதற்கு ஒரு பூதமாவது காரணமாக இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த அம்மாள் இன்னும் அந்தப் பதிலை மாடி மாடியாகச் சொல்லி நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எதெல்கா வீட்டில் ஒரே ஒரு சட்டம். இரண்டு படம், முதலில் நல்லது, அப்புறம் கெட்டது. நல்ல படத்தைத் தேர்ந்தெடுப்பது கால்மானின் பொறுப்பு. பனியில் சிக்கிய ரயிலில் கொலை, கொலைகாரன் யாரென்று கடைசி வரை தெரியாது, அந்த மாதிரி. அது முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவரவர் கவலையில் மூழ்கிவிடுவார்கள். பிறகு பன்றிக்கொழுப்பு தடவி, மேலே வெங்காயம் தூவிய ரொட்டி வரும். ஒயினில் சோடா ஊற்றுவார்கள். கெட்ட படம் ஆரம்பிக்கும். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றே கீழ்வீட்டுக்குத் தெரியும். நல்ல படத்துக்கு நாம் தேவையில்லை, நாம் தூங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். கெட்ட படத்தைத்தான், நின்றுபோன வண்டி மாதிரி, நாலு பேர் சேர்ந்து தள்ளிவிட வேண்டும் என்பது எதெல்காவின் கட்சி.

கெட்ட படங்கள் எல்லாம் பழைய வீடியோ கேசட்டுகள். எண்பதுகளில் வியன்னா போய் வந்தவர்கள் பையின் அடியில் உள்ளாடைக்குக் கீழே மறைத்துக் கொண்டுவந்து, பிரதிக்குப் பிரதி எடுத்து, கதாநாயகியின் முகம் பச்சையாகிப் போன கேசட்டுகள். அடியில் ஆங்கிலம் முணுமுணுக்கும். மேலே ஒரே ஒரு ஆண் குரல் எல்லோருக்கும் சேர்த்து ஹங்கேரிய மொழியில் வாசிக்கும். ஆண், பெண், குழந்தை, இயந்திர மனிதன், எல்லோருக்கும் அதே குரல்தான், கேஸ் மீட்டர் அளவை வாசிப்பது போல. புரியாத இடம் வந்தால் கூச்சமே இல்லாமல், “இவர் இப்போது விஞ்ஞானம் பேசுகிறார், நமக்குத் தேவையில்லை” என்று தாண்டிப் போய்விடும். ஒரு கேசட்டில் விண்கலம் தரையிறங்குகிற கட்டத்தில், பின்னால் எங்கோ ஒரு பெண் “சூப் ஆறுது” என்று கூப்பிடுவதும் பதிவாகியிருக்கிறது. அதனால் அந்த ஆளுக்கு இங்கே பெயர் சூப்காரர். முகம் யாருக்கும் தெரியாது.

அந்தக் கேசட்டுகளில் ராணி, ‘ஆழத்துச் சிப்பி’. ஒரு கலங்கரை விளக்கம், அங்கே காவல்காரரின் மகள், அவளைக் காதலிக்கிற ஒரு கப்பல் தலைவன், லாரி அளவுக்கு ஒரு சிப்பி. சிப்பிக்குள் இரண்டு பேர் குனிந்து நடக்கிறார்கள் என்பது அடியில் தெரிகிற நாலு பழுப்பு பூட்ஸ்களிலிருந்து விளங்கும். அதில் ஒரு காட்சி. தலைவன் கப்பலுக்குக் கிளம்புகிறான். காவல்காரரின் மகள் கண் கலங்கி அவனைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். சூப்காரர் வாசிக்கிறார்: “சாவியை மேஜை மேல் வை. இனிமேல் நீ மணியடித்துத்தான் உள்ளே வர வேண்டும்.”

இந்த வசனத்துக்கு எங்கள் கட்டடத்தில் ஒரு சரித்திரம் உண்டு. எதெல்காவின் புருஷன் யெனோ, ஆலையில் கிரேன் ஓட்டியவன், எண்பத்தெட்டில் ஃப்ரீசர் வாங்கி வருகிறேன் என்று வியன்னாவுக்குப் போனான். ஐந்து வாரம் கழித்து ஃப்ரீசர் இல்லாமல், முகமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து வந்து நின்றான். வியன்னாவில் அப்படி என்ன வெயில் என்று ஊரே கேட்டது. அது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் போகும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போல, “காத்திரு” என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அவன் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் எதெல்கா எதிர்வீட்டு ஹெர்மினாவின் வீட்டில் முதல் முறையாகச் ‘சிப்பி’ பார்த்திருந்தாள். அவன் தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், அடுப்பைப் பார்த்தபடியே அந்த வசனத்தைச் சொன்னாள். படத்தில் கேட்ட அதே குரலில். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கத்தியிருந்தால் அவன் சமாதானம் பண்ணியிருப்பான். கேஸ் மீட்டரோடு யார் சண்டை போட முடியும்? சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான். விவாகரத்துக் காகிதம் அப்புறம்தான் வந்தது. குழாய் ரிப்பேருக்கு வந்தாலும், ஈஸ்டர் திங்களன்று பெண்கள் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிக்க வந்தாலும், இருபத்தொன்பது வருடமாக யெனோ மணியடித்துத்தான் வருகிறான். “அவ சொன்னா, நானும் சொன்னேன்” என்பாள் எதெல்கா, அந்தக் காவல்காரர் மகள் ஏதோ கூடப் படித்தவள் மாதிரி.

போன அக்டோபரில் ஹெர்மினா ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்தாள். ஹெர்மினா துணி திருத்திக் கொடுக்கிற கடை வைத்திருப்பவள், நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே கூர்மை. வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஒருவரை இரண்டு மாதம் பார்த்து, எடை போட்டு, வீட்டுக்கு அழைக்கலாம் என்று முடிவு செய்திருந்தாள். பெயர் வில்மோஷ், ஓய்வு பெற்ற நில அளவையாளர். கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, முறைப்படி, “கையை முத்தமிடுகிறேன், அம்மா” என்றார்.

கால்மானின் பல்லிடுக்கில் விதை அப்படியே நின்றது.

“இன்னொரு தடவ பேசுங்க” என்றார்.

“என்ன பேசறது?”

“எதையாச்சும். ‘தளபதி, நமக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது’ன்னு சொல்லுங்க பாப்போம்.”

வில்மோஷ் குழப்பத்தோடு சொன்னார். எதெல்கா செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹெர்மினாவுக்குத்தான் அவமானம், இரண்டு மாதமாகச் சூப்காரர் குரலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை. வெந்நீர் ஆவியில் யாருடைய குரலும் அப்படித்தான் கேட்கும் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

அன்றைக்கு அவருக்கு நடந்த உபசாரம் ஒரு மந்திரிக்கு நடக்காது. சூப்புக்குக் கூப்பிட்டது யார் என்று கேட்டார்கள். அம்மா என்றார். எங்கே பதிவு செய்வீர்கள் என்று கேட்டார்கள். துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு என்றார், வெளிச்சத்தம் வராமல் இருக்க. அவருக்கு மரியாதையாக முதன்முதலாகச் சட்டத்தை மீறி நல்ல படத்தைத் தள்ளி வைத்துவிட்டு நேராகச் ‘சிப்பி’யையே போட்டார்கள். வில்மோஷ் காது சிவந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி வந்தபோது எதெல்காவின் உதடும் கூடவே அசைந்தது. மனிதர் நேர்மையானவர், நேர்மையானவர்களுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிவதில்லை.

“இந்த எடத்துல அவ அப்படிச் சொல்லலம்மா” என்றார்.

“எவ?”

“அந்தப் பொண்ணு. எனக்கு அப்போ இங்கிலீஷ் நாலு மாசப் படிப்பு. அவ அழுதுக்கிட்டே வேகமா பேசினா, ஒண்ணும் புரியல. வாய் அசையுதே, ஏதாவது சொல்லியாகணுமில்ல. மேஜ மேல ஒரு சாவி கெடந்துது. அத வெச்சு நானா ஒண்ணக் கட்டி விட்டேன்.”

“அப்ப நெஜமா என்ன சொல்றா?”

“‘எத்தனை நாளானாலும் உனக்காக இங்கேயே காத்திருப்பேன்.’ அவ்வளவுதான். மன்னிக்கணும்.”

ஹெர்மினாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அடியே எதுஷ், ஒரு புருஷன எழுத்துப் பிழைல வெரட்டிட்டியேடி” என்றாள்.

வில்மோஷ் இன்னும் வருத்தப்பட்டார். இப்போது தனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், படத்தின் சுத்தமான பிரதியும் கையில் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் பிசகாமல் வாசிக்கிறேன், அது என் கடமை என்றார். எல்லோரும் போனபின் எதெல்கா கண்ணாடி டம்ளர்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். கோபம் வில்மோஷ் மேல் இல்லை. அந்தப் பெண் மேல்தான். இத்தனை வருடம் கூடவே நின்றவள், கேட்டால் காத்திருப்பேன் என்றாளாம், கண்ணைக் கசக்கிக்கொண்டு. அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் எதெல்கா தனியாகத்தான் நின்றிருக்கிறாள். யாரோ சொன்ன தைரியத்தில் பேசினோம் என்று நினைத்திருந்தது, யாருமே சொல்லாததாகிவிட்டது.

சேதி திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் யெனோவை எட்டிவிட்டது. யார் சொன்னார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. அவன் இரண்டு வாசல் தள்ளி இருக்கிறான். இரண்டாம் மனைவியும் அவளுடைய நாயும் அவனை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. புதன்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, படத்தில் அவள் காத்திருந்தாளாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அப்புறம் சிரிக்காமல், சனிக்கிழமை தானும் வருவதாகவும், தப்பான வசனத்துக்கு இத்தனை வருடம் மணியடித்தது போதும், இனி அடிக்கப் போவதில்லை என்றும் சொன்னான். எதெல்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

படத்தை ஒத்திப்போடலாம் என்றார் கால்மான். இல்லாவிட்டால் கதவையாவது உள்ளே பூட்டிவிடலாம். புதுப் பூட்டு ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றார்.

“எதுக்கு?” என்றாள் எதெல்கா. “சனிக்கிழம என் கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும். அவனுக்குப் பயந்து பூட்டிட்டு உள்ள உக்காந்திருந்தா, அது மட்டும் என்னவாம்? அதுவும் அவனுக்காகக் காத்திருக்கறதுதான்.”

அந்தச் சனிக்கிழமை பதினான்கு பேர். இரண்டு வீட்டு நாற்காலிகள் வந்து சேர்ந்தன. மருந்துக்கடைக்காரர் மனைவிகூட, சர்க்கரை இரவல் கேட்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எல்லோருக்கும் என்ன வேடிக்கை என்று தெரியும். ஏழு மணிக்கு யெனோ வந்தான். மணி அடிக்கவில்லை. கைப்பிடியைத் திருகி நேரே உள்ளே வந்தான். அது போகட்டும், அவன் அக்குளில் இடுக்கியிருந்ததைத்தான் பதினான்கு பேரும் பார்த்தார்கள். வீட்டில் போடுகிற அவனுடைய சொந்தச் செருப்பு ஜோடி. அதைப் போட்டுக்கொண்டு, ஹெர்மினா வழக்கமாக உட்காரும் சாய்வு நாற்காலியில் அமர்ந்தான். எதெல்கா ரொட்டித் தட்டை அவன் பக்கமும் நீட்டினாள்.

சட்டப்படி முதலில் நல்ல படம் ஓடியது. ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு வில்மோஷ் தன் பிரதியைப் போட்டு, கால்மான் கொண்டுவந்த மைக்கைப் பிடித்து, மூக்குக் கண்ணாடியோடு தயாரானார். சுத்தமான பிரதியில் கதாநாயகியின் முகம் பச்சையாக இல்லை. மூக்கில் மச்சம்கூட இருந்தது. அந்தக் காட்சி வந்தது. வில்மோஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “எத்தனை நாளானாலும் உனக்காக இங்கேயே காத்திருப்பேன்.”

யெனோ கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். “கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? எத்தன வருஷமா மணியடிச்சிருக்கேன் நான்.”

யாரோ சிரித்தார்கள். எதெல்கா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே நகர்த்தினாள். “படத்தப் பாரு” என்றாள்.

கப்பல் போய்விட்டது. காவல்காரரின் மகள் மாடியேறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்த இடம் எங்களில் யாருக்கும் எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை. ஒருத்தனை விரட்டிவிட்டவள், மடியில் பயணப் பெட்டியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் எதற்கு உட்கார்கிறாள்? கெட்ட படம்தானே என்று விட்டுவிடுவோம். இன்றைக்கு விளங்கியது. கடலிலிருந்து சிப்பி வெளியே வந்தது. மணலில் நடந்தது. மீன்காரன் அதைப் பார்த்து வலையைச் சுருட்டிக்கொண்டு நிதானமாக விலகிப் போனான். மூன்று கால் நாய் ஒன்று விலகிப் போனது. சிப்பி நடந்தது. கலங்கரை விளக்கத்தின் படிகளை, நாலு பூட்ஸ்களும் தெரிய, ஒவ்வொன்றாக ஏறியது. அவள் காலடிச் சத்தம் கேட்டு முகம் மலர்ந்து திரும்பினாள்.

“வந்துவிட்டாயா, அன்பே?” என்று வாசித்தார் வில்மோஷ்.

சிப்பி வாயைத் திறந்து, மூடியது.

எதெல்கா படத்தை நிறுத்தினாள். எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திரையைக் கையால் காட்டினாள்.

“கால்மான், அந்தச் சிப்பி மணல்ல எவ்வளவு நேரம் நடந்துச்சு?”

“எட்டு நிமிஷம். படில ஒரு மூணு.”

“பதினோரு நிமிஷம். அந்த வேகத்துக்கு அது யாரத் தின்ன முடியும்? மீன்காரன் தப்பிச்சான். மூணு கால் நாய் தப்பிச்சுது. எவனோ வருவான்னு எடத்த விட்டு அசையாம உக்காந்திருந்தா பாரு, அவ ஒருத்தியத்தான் அதால தின்ன முடிஞ்சுது.” பிறகு வில்மோஷ் பக்கம் திரும்பினாள். “நீங்க மன்னிப்பு கேக்காதீங்க. அன்னிக்கு நீங்க தப்பா சொல்லல, அவதான் தப்பா சொன்னா. நீங்க திருத்தினீங்க. அது அவளுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு.”

யெனோ நாற்காலியில் அசைந்தான். “இது வெறும் படம், எதுஷ்.”

“ஆமா. திங்கக்கிழம நீ கேள்விப்பட்டதும் படந்தான். அதுக்கு மட்டும் செருப்பத் தூக்கிட்டு வரத் தோணிச்சே உனக்கு.”

மருந்துக்கடைக்காரர் மனைவிதான் முதலில் சிரித்தாள், அதுவும் மூக்கால். யெனோ எழுந்தான். கோட்டை எடுக்கப் போனான். எதெல்கா அவனை வாசல் வரை போகவிட்டு, இந்த வீட்டில் படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் யாரும் எழுந்து போவதில்லை, அவனும்தான் என்றாள். சாய்வு நாற்காலி ஹெர்மினாவுடையது, அவனுக்கு அடுப்படி முக்காலி இருக்கிறது என்றும் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தான். கோபமாகத்தான் உட்கார்ந்தான். ஆனால் உட்கார்ந்தான்.

மறுபடி படம் ஓடியது. கடைசிக் காட்சியில் கப்பல் தலைவன் திரும்பி வந்து, கடற்கரையில் மூடிக்கிடக்கிற சிப்பியின் முன் மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். பழைய கேசட்டில் இந்த இடம் தேய்ந்துபோய் வெறும் இரைச்சல்தான் இருக்கும். வில்மோஷ் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். எதெல்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

தலைவன் கைகளை நீட்டி ஏதோ கேட்டான். எதெல்கா சிப்பியைப் பார்த்தபடி, ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் வாசித்தாள்.

“நான் உள்ளே நன்றாக இருக்கிறேன். இடம் தாராளமாக இருக்கிறது. நீ வர வேண்டாம்.”

தலைவன் இன்னும் பலமாக அழுதான். ஹெர்மினா சாய்வு நாற்காலியிலிருந்து சரிந்தே விழுந்தாள். கால்மானுக்கு விதை புரையேறியது. வில்மோஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பு பிரமாதம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மேலே ஏழாம் மாடிக்காரர் வெப்பக் குழாயில் கரண்டியால் டங் டங்கென்று தட்ட ஆரம்பித்தார். கால்மான் இருமிக்கொண்டே ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினார். எதெல்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஒலியை இரண்டு படி கூட்டி வைத்துவிட்டு, தலைவனுக்கு அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே மைக்கை இன்னும் கிட்டே பிடித்தாள்.